காற்றை நிறுத்திய நாள்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு, சண்டை போட ஆளில்லாத உன் வீட்டிலிருந்து, ஆயிரம் முத்தம்.

இன்று கல்லறைத் திருநாள். அம்மா குளித்துவிட்டு, மெழுகுவர்த்திகளைத் துணிப்பையில் எடுத்து வைத்துவிட்டு, வெயில் தாழக் காத்திருக்கிறாள். சாயங்காலம் உன்னிடம் வருவோம். அதற்குள் இதை எழுதிவிடப் பார்க்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் உன்னோடு தனியாகப் பேச முடியாது. மரியநாதபுரம் முழுக்க அங்கேதான் நிற்கும்.

எல்லோரும் படிக்கும்படியாகத்தான் எழுதுகிறேன். உன்னைப் பார்த்தே இராத யாரோ ஒரு பிள்ளை, நம் பட்டறையில் ஒட்டிய விமான வால் தட்டை நம்பி வானத்தில் ஏறப் போகிறது. அந்தப் பிள்ளைக்கும் இது தெரியட்டும். ஆகவே உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காக.

முதலில் செய்தி. ஒட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்த உன் படத்தை நான் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினாய் என்று நீ கேட்க மாட்டாய். அது அங்கே எப்படி வந்தது என்றுதான் கேட்பாய். அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேடசந்தூர் சாலையில், நூற்பாலைகளுக்கு நடுவே, நம் பட்டறை. வாசல் பலகையில் விமானப் படம். பஸ்ஸில் போகிற யாரோ அதைப் பார்த்து இறங்கி வந்து துபாய்க்கு டிக்கெட் என்ன விலை என்று கேட்டதை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். "இல்லண்ணே, நாங்க வால் மட்டும்தான் குடுக்குறோம்" என்று பதில் சொல்லி அனுப்பியவள் நீ.

உள்ளே நடப்பது எளிது. காகிதம் போன்ற இரண்டு அலுமினியத் தகடுகள். நடுவே, மெல்லிய அலுமினியத்தாலேயே செய்த தேன்கூடு. மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். ரிவெட் ஆணி அடித்தால் துளை விழும். தகடு முதலில் கிழிவது அந்தத் துளையில்தான். வெல்டிங் வைத்தால் தகடு நெளிந்துவிடும். ஆகவே பசை. ஃப்ரீசரில் சுருட்டி வைத்திருக்கும் பசைத்தாளை எடுத்து விரித்து, அடுக்கி, பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி, அடுப்பில் வேகவைத்தால் ஒரு தட்டு. ஒரு கையால் தூக்கலாம். இரண்டு செங்கல் மேல் வைத்து ஆள் ஏறி நின்றாலும் வளையாது.

ஆனால் பசை எதையும் பிடித்துக்கொள்ளாது. சுத்தமான தகட்டை மட்டும்தான் பிடிக்கும். ஒட்டுவதற்கு முன் தகட்டை அமிலத் தொட்டியில் இறக்கிக் கழுவி, சாய்த்து நிறுத்தி, மேலிருந்து தண்ணீர் விடுவாய். தண்ணீர் கிழியாமல் ஒரே படலமாக இறங்க வேண்டும். எங்காவது திரண்டு முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. ஒரு விரல் பட்ட எண்ணெய் போதும். மறுபடியும் தொட்டிக்கு.

நீ தகட்டைப் பார்க்க மாட்டாய். தண்ணீரைத்தான் பார்ப்பாய். மூச்சை நிறுத்திக்கொண்டு.

அதனால்தான் உன் சட்டங்கள். தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, பொட்டு கூடாது, பூ கூடாது. முத்துலட்சுமி நிலக்கோட்டையிலிருந்து பூ மூட்டைகள் ஏற்றிய பஸ்ஸில் வருகிறவள். தலை நிறைய மல்லிகையோடுதான் இறங்குவாள். ஒட்டு அறைக் கதவுக்கு வெளியே நீ ஓர் ஆணி அடித்தாய். பூ அதில்தான் தொங்க வேண்டும். சாயங்காலம் வாடிய பூவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் முறையிடுவாள்: "ஒங்கக்கா என்னைய தெனமும் மூளியா நிக்க வைக்குது. கட்டுனவன் பாத்தா என்ன நெனப்பான்?" நீ உள்ளேயிருந்து, கட்டுனவன் ஏரோப்ளேன்ல ஏறும்போது நினைக்கட்டும் என்பாய்.

ஆயுத பூசைக்கும் அதே சட்டம். முதலாளி பழனிச்சாமி சார் ஒட்டன்சத்திரத்துக்காரர். சந்தனம் வைக்காமல் புது ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டார். அவரையே கதவுக்கு வெளியே நிறுத்தினாய். சாமி உள்ளே வரட்டும், சாம்பிராணி வெளியே நிற்கட்டும் என்றாய். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பூசை வாசலோடு நின்றது.

சாமிக்குக் கிடைக்காத சலுகை உனக்குக் கிடைத்தது, அக்கா.

காய்ச்சல் என்று படுத்தாய். மழைக்காலத்துக் காய்ச்சல்தானே என்றோம். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு நான் ஊரில் இல்லை. நீ கடைசியாக ஒட்டிய மாதிரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போயிருந்தேன். வாங்குகிறவர்கள், பயிற்சி விமானம் செய்கிறவர்கள், நேரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். அவள்தான் முந்திக்கொண்டாள். "பூசைக்கு நான் போறேன். நீ அவ வேலையப் பாரு."

உன் தட்டுகளை அவர்கள் பலவிதமாகச் சோதித்தார்கள். கடைசியில், இதே போல் ஒரு செட் அனுப்புங்கள் என்றார்கள். உடனே உனக்கு போன் செய்யத் தோன்றியது. கை பைக்குள் போய்விட்டது. பிறகு அங்கேயே நின்றது.

சாருக்குச் செய்தி சொல்லிவிட்டு, அங்கே மிச்ச வேலைகளை முடித்து நான் திரும்புவதற்குள் அந்தச் செட்டை ஒட்டி முடித்திருந்தார்கள். வேகவைத்து, சோதித்து, தெர்மாகோல் வைத்துப் பெட்டியில் அடுக்கியும் ஆகிவிட்டது. மறுநாள் மதியம் வண்டி.

வந்த அன்று சாயங்காலம், சாப்பாடு போட்டபடியே அம்மா அந்த நாளைப் பற்றிச் சொன்னாள். பூசை முடிந்ததும் முத்துலட்சுமி அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். உன் மேசைக்கு எதிர்ச் சுவரில் உன் படம். மல்லிகை மாலை. ஒரு தட்டில் சாம்பிராணி. அம்மா கொண்டுபோன பெரிய மெழுகுவர்த்தி. ஏற்ற ஏற்ற அது அணைந்திருக்கிறது.

"மேல இருந்து காத்து எறங்குதுல்ல, அந்த மிஷினு. நிக்கவே விடல. எனக்கு அழுகை வந்துருச்சு. மொதலாளிதேன் நிறுத்தச் சொன்னாரு. முத்துலட்சுமி போயி அமுத்திருச்சு. அதுக்கப்புறம் ஒரு அசைவு அசையலடி. நட்டு வச்ச மாதிரி நின்னு எரிஞ்சுச்சு. அடி வரைக்கும்."

நீ போன பிறகு அம்மாவின் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். என் தட்டில் இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைத்தாள். "அவ நல்லா இருக்காடி. அம்புட்டுதேன் எனக்குத் தெரியணும்."

நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன்.

அந்தக் காற்றுதான் அந்த அறை. கூரையிலிருந்து வடிகட்டி இறங்கிக்கொண்டே இருக்கும்; தூசியையும் புகையையும் கீழே அமுக்கி வெளியே துரத்தும். அதை நிறுத்தினால் நான்கு சுவர் மட்டும்தான். சாம்பிராணிப் புகை என்பது எண்ணெய். மெழுகுப் புகை என்பது மெழுகு. எங்கே போய் உட்கார்ந்திருக்கும்?

மேசை மேல் தகடு எதுவும் இருந்ததா என்று கேட்டேன். சும்மா கேட்பது போல.

"இருந்துச்சு. வெள்ளித் தாம்பாளம் மாதிரி, வரிசையா விரிச்சு வச்சிருந்தாங்க. மெழுகுத்திரி வெளிச்சம் அம்புட்டுலயும் தெரிஞ்சுச்சு. கோயில் பீடம் மாதிரி இருந்துச்சு பாப்பா."

கழுவிய தகடுகள். பசைக்காகக் காத்திருந்தவை.

புகை படிந்த தகட்டில் விழும் ஒட்டுக்கு நீ ஒரு பெயர் வைத்திருந்தாய், நினைவிருக்கிறதா? பசை தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் பிடித்திருக்காது. இடைவெளி இல்லாததால் காசால் தட்டிச் சோதித்தாலும் நல்ல சத்தம்தான் வரும். மிஷின் வைத்துப் பார்த்தாலும் ஒட்டியிருப்பதாகவே காட்டும். மேலே போய், குளிரில் சுருங்கி, காற்று பிடித்து இழுக்கும்போதுதான் பிரியும். 'கல்யாண ஆல்பத்துல மாமியாரும் மருமகளும்' என்பாய் நீ. போட்டோவில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். காற்று மிஷின் வழக்கம் போல ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் நீ. சிவப்புச் சேலை கட்டி எடுத்த படம். மாலை காய்ந்து, சருகுகள் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. உன் அறையில், தரையில், பூச்சருகு. மேசை ஓரத்தில் ஒரு துண்டுத் தகடு கிடந்தது. அந்தச் செட்டோடு கழுவி, மிஞ்சியது. சாய்த்து வைத்துத் தண்ணீர் விட்டேன்.

கிழிந்தது. முத்து முத்தாக.

பழனிச்சாமி சார் வந்ததும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவசரப்படாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏனுங்க ஜான்சி, இத்தனை நாளா வெளிய கெடந்த தகடுங்க அது. தூசி ஏறியிருக்கும். அதைய வச்சு என்னத்தைங்க முடிவு பண்றது?"

அவர் சொன்னது சரி. அந்தத் துண்டு எதையும் நிரூபிக்காது. எனக்கும் தெரியும்.

மாதிரித் துண்டைப் பற்றிக் கேட்டேன். தட்டோடு கூடவே கழுவி, கூடவே ஒட்டி, கூடவே வேகவைத்து, தட்டுக்குப் பதிலாக உடைத்துப் பார்க்கும் சின்னத் துண்டு. அது நன்றாகத் தாங்கியது என்றார். முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன். பூசை நேரத்தில் மாதிரித் துண்டுகள் எங்கே இருந்தன? அவள் யோசித்தாள். காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாளாம். தகடுகள்? பெரியவை. சுற்ற முடியவில்லை. மேசையிலேயே இருந்தன.

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது: உடைத்துப் பார்த்த துண்டில் புகையே படவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

பழனிச்சாமி சார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே வண்டி வந்து நின்றிருந்தது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"துண்டு பாஸ். மிஷினு பாஸ். காசு வச்சுத் தட்டியும் பாத்தாச்சு. இன்னும் யாரைங்க கேக்கோணும்?"

"தட்டையே கேக்கணும் சார். ஒண்ண உரிக்கணும்."

"உரிச்சு, நல்லா இருந்துச்சுன்னா? செட்டு கொறஞ்சு போகும். வண்டி போவாது. அவங்ககிட்ட மொத ஆர்டருங்க இது."

"நல்லா இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன் சார்."

"மோசமா இருந்துச்சுன்னா?"

"அனுப்பாம விட்டோம்னு நீங்க தூங்குவீங்க."

அவர் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான்தானுங்க நிறுத்தச் சொன்னேன். அம்மா நின்னு அழுதாங்க. மெழுகுவத்தி நிக்கலைன்னு. வேற என்ன பண்ணுவேன், சொல்லுங்க?"

நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அம்மாவின் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கியிருப்பேனா? நீ பிடுங்கியிருப்பாய். அது எனக்குத் தெரியும். ஆனால் நீ இருந்திருந்தால் மெழுகுவர்த்தியே வந்திருக்காது.

பெட்டியைப் பிரித்தோம்.

ஒரு தட்டை எடுத்து மேசையில் இறுக்கினேன். ஓரத்தில் உளியைச் செருகி மேல்தகட்டை நெம்பி, தடியில் மாட்டிச் சுருட்ட வேண்டும். மத்தி மீன் டப்பாவைத் திறக்கிற மாதிரி என்பாய். முத்துலட்சுமி எதிரே பிடித்துக்கொண்டாள். அன்றும் பூவை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல ஒட்டு சத்தம் போடும். பசை நடுவில் கிழியும். தேன்கூடு பிய்ந்து தகட்டோடு வரும். கோணிச்சாக்கைக் கிழிப்பது போல் கேட்கும். இரண்டு பக்கமும் பசை இருக்கும். யாரும் தோற்கவில்லை என்று அர்த்தம். ஒட்டாதது, சத்தமில்லாமல் வரும்.

சுருட்டினேன். சரசரவென்று கிழிந்தது. கை வலித்தது. முத்துலட்சுமி, "கேக்குதா, கேக்குதா" என்றாள். இன்னும் ஒரு சுற்று. கிழிந்தது. பின்னால் பழனிச்சாமி சார் மூச்சு விடுவது கேட்டது. அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. வண்டியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல.

எனக்கும் தோன்றியது, அக்கா. தப்பாக நினைத்துவிட்டோமோ என்று. இந்தத் தட்டை வீணாக்கியதற்கு வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்கலாம், சந்தோஷமாக வாங்கலாம் என்று.

அடுத்த சுற்றில் சத்தம் நின்றது.

தடி லேசாகிவிட்டது. தகடு தானே வந்தது. நனைந்த தபால்தலை பிரிவது போல. பசை முழுக்கத் தேன்கூட்டின் பக்கமே தங்கிவிட்டது. தகட்டின் உட்புறம் பளபளவென்று, வெள்ளித் தாம்பாளம் போல. அம்மா சொன்னது சரிதான். அதில் என் முகம் தெரிந்தது. பின்னால் முத்துலட்சுமியின் முகம்.

தகட்டு ஓரத்தில் போட்டிருந்த குறியை வைத்து, மேசையில் எந்தப் பக்கம் கிடந்த இடம் பிரிந்தது என்று பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உன் படம் இருந்த பக்கம்.

சத்தமில்லாமல் பிரிந்ததை, நீ போனதோடு சேர்த்துப் பேசலாம். பேச மாட்டேன். தட்டைத் தட்டாகப் பார் என்பாய்.

பிறகு பழனிச்சாமி சார் வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். பெங்களூருக்கு போன் போட்டு, ஒட்டில் கோளாறு, செட்டு வராது என்றார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "எங்க தப்புங்க. சுத்தமான அறையில நெருப்புப் பத்த வச்சோம்" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

மீதித் தட்டுகளின் குறுக்கே நான்தான் சிவப்புப் பெயின்ட் கோடு போட்டேன். இனி யாரும் தெரியாமல்கூட எடுத்துவிடக் கூடாது.

முத்துலட்சுமி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "நாந்தேன் அமுத்துனேன். இந்தக் கையால." நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒங்கக்கா இருந்தா என்னைய அறைஞ்சிருக்கும்" என்றாள். அறைந்திருக்காது, ஆணியில் இருக்கும் பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும் என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு மறுபடியும் அழுதாள்.

உன் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றினேன்.

கிளம்பும்போது பழனிச்சாமி சார் கேட்டார். "அம்மாகிட்ட சொல்லோணுமுங்களா? சொவத்துல ஈரம், படம் கெட்டுரும்னு சொல்லிப் போடுங்க. அவங்க பாவமுங்க." முத்துலட்சுமியும் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாதே என்றாள்.

பஸ்ஸில் மடியில் நீ. சுவரில் ஈரம். சுவரில் ஈரம். சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல பொய். யாருக்கும் நஷ்டமில்லை. அம்மாவுக்கு அந்த ஒரு மெழுகுவர்த்திதான் மிச்சம். அதையும் நான் ஊதி அணைக்க வேண்டுமா?

ஆனால் அதன் பிறகு நானும் அம்மாவும் ஒரே வீட்டில் எப்படி இருப்போம்? சத்தமில்லாமல். தட்டினால் நல்ல ஒலியோடு. நீ சொல்லும் கல்யாண ஆல்பத்து மாமியார் மருமகள் மாதிரி.

அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். துணி மூட்டையைப் பார்த்ததும் என்னவென்று புரிந்துவிட்டது.

"ஏன் எடுத்துட்டு வந்த?"

சொன்னேன். காற்று எதற்கு என்று சொன்னேன். புகை எங்கே போனது என்று சொன்னேன். மெழுகுவர்த்தி என்ற வார்த்தையில் வந்து நின்றேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏரோப்ளேன்ல யாரு போவா?"

"ஓட்டப் பழகுற பிள்ளைங்கம்மா."

"சின்னப் பிள்ளைகளா?"

"காலேஜ் முடிச்ச வயசு இருக்கும்."

அம்மா சுவரில் சாய்ந்தாள். "நான் எம் பிள்ளைக்குன்னு ஏத்துனது..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை.

அந்தத் தட்டுகள் போகவில்லை, ஒன்றுகூடப் போகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து வேறொன்று கேட்டாள். அதைத்தான் அவள் கேட்டுவிடக் கூடாதென்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப அது நின்னு எரிஞ்சது? அவ நல்லா இருக்கான்னு நான் நெனச்சேனே. அது வெறும் சுவிச்சா?"

நீ சொல், அக்கா. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அம்மா ஜெபமாலையை எடுப்பாள். சொல்லாமலே கையில் வைத்திருப்பாள். உன் படம் அலமாரி மேல் துணியோடு இருந்தது. அவளும் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்டாள்: பூவைக் கழற்றி வைக்க ஓர் ஆணி அடித்திருக்கிறாளாமே, அது அறைக்கு உள்ளேயா வெளியேயா? வெளியே என்றேன். "அப்ப அங்கன மாட்டு" என்று மூட்டையை என் கையில் கொடுத்தாள்.

மாட்டினேன். ஆணிக்குக் கீழேயே. இப்போது முத்துலட்சுமியும் மற்றவர்களும் காலையில் தலையிலிருந்து எடுக்கும் பூ உன் மேல்தான் தொங்குகிறது. தினமும் புதுப் பூ. உன் சட்டம் கொடுத்த மாலை. யாரும் திட்டமிடவில்லை.

அம்மா கூப்பிடுகிறாள். வெயில் தாழ்ந்துவிட்டது. பையை எடுத்துவிட்டாள். மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும், நீ அங்கேதானே இருந்தாய். ஆனாலும் எழுத வேண்டும்.

இன்று சிறுமலைப் பக்கமிருந்து நல்ல காற்று. மழை வரும் போல. கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள், செவ்வந்தி, சாம்பிராணி. எல்லோரும் மெழுகுவர்த்தியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். சிலர் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்திருந்தார்கள். சிலர் அட்டைப்பெட்டியை மறைப்பாக வைத்திருந்தார்கள்.

அம்மா உன் கல்லைக் கழுவினாள். பூ வைத்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அணைந்தது. மறுபடியும் ஏற்றினாள். அணைந்தது. அன்று பட்டறையில் இப்படித்தான் நின்றிருப்பாள். அவள் கையை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பக்கத்துக் கல்லறையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பால் டப்பா ஒன்றை அடிப்பக்கம் வெட்டி எடுத்து வந்திருந்தாள். "இதக் கவுத்து வைங்கம்மா. நின்னு எரியும்."

அம்மா அந்த டப்பாவை வாங்கினாள். கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் தாயி. காத்து அடிக்கட்டும். எம் பிள்ளை காத்த நிறுத்த விடாது."

பிறகு மறுபடியும் ஏற்றினாள். அணைந்தது. ஏற்றினாள். தீப்பெட்டி தீரும் வரை ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறை அணையும்போதும், திரியிலிருந்து ஒரு புகை எழும்பி, நிற்காமல், எதன் மேலும் உட்காராமல், காற்றோடு போனது. கடைசிக் குச்சியும் தீர்ந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள். ஆனால் அந்த வெளிச்சம் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. "இம்புட்டு வேகமா அணைக்குறாளே, பிடிவாதக்காரி" என்றாள்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். அறையைப் பார்க்க வேண்டுமாம். ஆர்டர் இருக்குமா, போய்விடுமா, தெரியாது. பழனிச்சாமி சார் தூங்குகிறாரா என்று கேட்கத் துணியவில்லை. நாளை காலை புதிய தகடுகள் தொட்டிக்குள் இறங்குகின்றன. தண்ணீரை நான்தான் பார்க்க வேண்டும். உன் இடத்தில் நின்று.

ஒன்று மட்டும் சொல்ல முடியும். நான் அந்த அறையில் இருக்கும்வரை யாருக்காகவும் அந்தக் காற்று நிற்காது. சாமிக்காக நிற்காது. எனக்கு ஏதாவது ஆனாலும் நிற்காது. உனக்காகவும் இனி நிற்காது, அக்கா. தண்ணீர் கிழிந்தால் தகடு தொட்டிக்குப் போகும். எத்தனை முறையானாலும் போகும். உனக்கு நான் ஏற்றப் போகும் விளக்கு அதுதான்.

உனக்குப் பின்னால் பிறந்து, இப்போது உனக்கு முன்னால் நடக்க வேண்டியிருக்கும்
உன் தங்கச்சி,
ஜான்சி